ஒரு சவாரி நேரம்

கூடத்தில் அப்பாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த அன்றைக்குத்தான் உண்ணாமலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தேர்வு.

வியாழக்கிழமை சாயங்காலம் ரமணாசிரமம் ஆட்டோ நிறுத்தத்தில் டீ சொல்லிவிட்டு நின்ற அவள் அப்பா குமரேசன், கிளாஸ் கைக்கு வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மற்ற ஆட்டோக்காரர்கள் அவருடைய வண்டியிலேயே அவரைக் கிடத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே போய்விட்டது என்று டாக்டர் கையை விரித்தார்.

விடிந்தால் வெள்ளி. பௌர்ணமி வேறு. அடி அண்ணாமலையில் அவர்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமியன்று மதியத்துக்கு மேல் அந்தப் பாதையில் வண்டி ஓடாது, மலையைச் சுற்றுகிற ஜனம் மட்டும்தான் ஓடும். சுடுகாடு பாதைக்கு அந்தப் பக்கம். கூட்டம் கூடிவிட்டால் பாடையைக் குறுக்கே கொண்டுபோக வழியில்லை. மறுநாள் வரைக்கும் வைத்திருக்கலாம் என்றால் மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை பிணம் எடுக்க ஊரில் ஒருத்தரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கெல்லாம் எடுத்துவிடுவது என்று பெரியப்பா அப்பாதுரை பேசி முடித்தார். பாதையில் காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரரிடமும் போய்ச் சொல்லிவைத்தார்.

அதற்குப் பிறகுதான் தேர்வுப் பேச்சு வந்தது.

யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று உண்ணாமலைக்குத் தெரியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவர், போன வருஷம் செங்கம் பக்கம் ஒரு பெண் அப்பா செத்த அன்றைக்கே போய் எழுதிவிட்டு வந்ததாகச் சொன்னார். இன்னொருவர் அதற்கு முந்தின வருஷத்துப் பையனைச் சொன்னார். வருஷா வருஷம் பங்குனியில் எங்காவது ஒரு பிள்ளை அப்படி எழுதுகிறது, பேப்பரில் படம் வருகிறது. இந்த வருஷம் அது இந்த வீடு என்பதுபோல எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுக்குப் போக மனமில்லை. நேற்று ராத்திரியிலிருந்து அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை. கூடத்து வாசற்படியோடு நின்றுவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் பாதங்கள் மட்டும் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் கழித்து, அழுகை ஓய்ந்து ஆட்கள் குறைந்ததும் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

ரேவதி மிஸ் போனில் பேசினார். அவர்தான் வேதியியல் ஆசிரியை. தேர்வு மையத்தில் சொல்லி ஏற்பாடு செய்திருப்பதாகவும், பன்னிரண்டு மணிக்கு அவளை வெளியே விட்டுவிடுவார்கள் என்றும், அதற்குள் தேர்ச்சிக்கு வேண்டியதை எழுதிவிடலாம் என்றும் சொன்னார்.

"ஜூன்ல எழுதறேன் பெரிப்பா" என்றாள் உண்ணாமலை. "வராதவங்களுக்கு மறுபடி வைப்பாங்க."

அப்பாதுரை தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜூன்ல உனக்குக் கேள்வி கேக்க யாரு கீறாங்க, கண்ணு?"

உண்ணாமலை கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

பெட்டிக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அருணாதேவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஆண் பிள்ளை கிடையாது. கொள்ளி வைக்கப் பெரியப்பா மகன் இருந்தான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. மகளுக்கென்று இருந்தது வாய்க்கரிசி ஒன்றுதான். அதையும் குளிப்பாட்டி, பாடையில் ஏற்றுகிற நேரத்தில்தான் போட முடியும். காலையிலேயே போட்டுவிட்டுப் போக முடியாது.

"போயிட்டு வா" என்றாள் அம்மா. "நீ வர்ற வரைக்கும் தூக்க விடமாட்டேன். உன் கையால அரிசி வாங்காம உங்கப்பா போமாட்டாரு."

உண்ணாமலை சீருடை மாட்டிக்கொண்டு பெரியப்பாவின் வண்டியில் ஏறினாள்.

*

குமரேசனுக்கு வேதியியலில் அட்சரம் தெரியாது. பத்தாவதோடு படிப்பை விட்டவர். அரையாண்டுத் தேர்வில் மகள் மற்றப் பாடங்களில் தேறி வேதியியலில் மட்டும் விழுந்தபோது, டியூஷனுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். புது இடம், புது ஆட்கள் என்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தெரிந்த பதிலும் நாலு பேர் முன்னால் வாயில் வராது. அப்படியானால் நானே கேட்கிறேன் என்றார் அப்பா. அவள் சிரித்தாள். கேள்வி கேட்கத் தெரிந்தால் போதாதா, பதில் தெரிய வேண்டியது நீதானே என்றார்.

தை மாதத்திலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே ஆட்டோ நிறுத்தத்துக்கு வந்துவிடுவாள். வரிசையில் தன் முறை வருகிற வரைக்கும் அவர் முன்சீட்டில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்து, விடையின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு கேட்பார். பாதிப் பெயர்களை அவரால் படிக்க முடியாது. எழுத்துக்கூட்டிப் படித்து, படித்த பெயரை ருசி பார்ப்பதுபோல மறுபடி சொல்வார்.

"கானிசரோ வினைன்னு போட்டிருக்கான். யாரு அது, நம்ம கன்னியம்மா அத்தை வூட்டுக்காரரா?"

பென்சால்டிஹைடு காரத்தோடு சேர்ந்தால் ஒரு பாதி ஆக்சிஜனேற்றம் அடையும், ஒரு பாதி ஒடுக்கம் அடையும் என்று அவள் சொல்வாள். ஒரே பொருள்தானா என்று கேட்பார். ஆமாம், ஒரே பொருள்தான், தனக்குள்ளேயே பிரிந்துகொள்கிறது என்பாள்.

"அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச மாதிரி சொல்லு" என்பார்.

கட்டமைப்பு வரைவதற்குத் தாள் வேண்டாம். ஆட்டோவின் பின்பக்கத் தூசியில் விரலால் வரைவாள். ஆறு மூலை, உள்ளே ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்பு. அவர் இறங்கி வந்து புத்தகத்துப் படத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கோடுகளை எண்ணுவார். "உன்னுதுல ஒரு கம்பி கம்மியா கீதே" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஒருநாள் பென்சீன் வளையத்தைத் துடைக்காமல் அப்படியே சவாரி போய்விட்டார். ஆசிரமத்து வாசலில் ஒரு வெள்ளைக்கார அம்மா அதை ஏதோ பூஜைச் சக்கரம் என்று நினைத்துக் கைகூப்பிவிட்டுப் படமும் எடுத்துக்கொண்டு போனாளாம். நிறுத்தத்தில் இரண்டு நாள் அதே பேச்சு. உன் மகளால் வண்டிக்கு ராசி வந்துவிட்டது என்று கேலி செய்தார்கள்.

கணக்குதான் அவளுக்குத் தகராறு. வழி அவருக்குப் புரியாது. கடைசி எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பார். தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்ல மாட்டார். புத்தகத்தை மூடி அவள் மடியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்புவார்.

"ஒரு சவாரி போயிட்டு வரேன். அதுக்குள்ள எங்க வுட்டன்னு பாத்துவை."

அவருடைய ஒரு சவாரி என்பது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், ஆள் ஏற்றிக்கொண்டு திரும்புகிற நேரம். அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அடித்து அடித்து எழுதுவாள். தூரத்தில் ஆட்டோ திரும்பும்போதே அவர் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார். அவள் தலையாட்டினால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பெஞ்சில் குனிந்தபடியே இருந்தால் நிறுத்தாமல் அடுத்த சவாரிக்குப் போய்விடுவார். அவர் வருவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே அவள் கணக்குப் போடக் கற்றுக்கொண்டாள். மாசி மாதத் திருப்புதல் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தது. விடைத்தாளை நிறுத்தத்தில் எல்லோருக்கும் காட்டினார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சிவப்பு மையில் போட்டிருந்த எண் மட்டும் புரிந்தது. அதுவே போதும் அவருக்கு.

*

தேர்வு மையம் வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளி. அப்பாதுரை வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். பன்னிரண்டுக்கு இங்கேதான் நிற்பேன், நேரே வா என்றார். உள்ளே மற்ற மாணவிகள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். மெஹ்விஷ் மட்டும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச். கையை விடாமல் அறை வரைக்கும் கூடவே நடந்தாள். இருக்கை எண்படி அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் மெஹ்விஷ் உட்கார்ந்தாள்.

வினாத்தாள் வந்தது. படித்துப் பார்க்கக் கொடுத்த நேரத்தில் உண்ணாமலைக்கு எழுத்துகள் அசைந்தன. அப்புறம் முதல் கேள்வியில் கண் நின்றது. அவளுக்குத் தெரிந்த கேள்வி. ஆட்டோவின் முன்சீட்டிலிருந்து பலமுறை கேட்கப்பட்டது. அவள் விடையை எழுதினாள். அடுத்ததும் தெரிந்தது.

எழுத எழுத ஒன்று நடந்தது. எந்தக் கேள்வியைப் படித்தாலும் அது அப்பாவின் குரலில் வந்தது. எழுத்துக்கூட்டி, தப்பான இடத்தில் நிறுத்தி, பெயரை மறுபடி ஒருமுறை சொல்லி. ஓர் எதிர்வினையைச் சமன் செய்யும்போது இரண்டு பக்கமும் அவர் விரல் விட்டு எண்ணுவது கேட்டது. அறையில் மின்விசிறி சுற்றியது. ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்தது. எல்லா வெள்ளிக்கிழமையும் போலத்தான் இருந்தது. இந்த அறையில் யாரும் சாகவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கண்காணிப்பாளர் அவள் மேஜையருகே வந்து விரலால் மெல்லத் தட்டினார். "நேரமாச்சும்மா. நீ கொடுத்துட்டுப் போலாம்."

அப்போது அவள் அரை வாழ்காலக் கணக்கை முடித்திருந்தாள். முதல் வகை வினை ஒன்று நாற்பது நிமிடத்தில் தொண்ணூறு சதவீதம் நிறைவடைகிறது, அரை வாழ்காலம் என்ன என்ற கணக்கு. விடை இருநூற்று அறுபத்து மூன்று நிமிடம் என்று வந்திருந்தது. தாளைக் கட்டுவதற்காக நூலை எடுத்தவள் அந்த எண்ணைப் பார்த்தாள். நாற்பது நிமிடத்தில் தொண்ணூறு பங்கு போய்விட்ட ஒன்று, பாதி போக எப்படி இருநூற்றுச் சொச்சம் நிமிடம் எடுக்கும்?

எங்கேயோ விட்டிருக்கிறாள்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள்.

அவர் நகர்ந்துபோனார். உண்ணாமலை கணக்கின்மேல் குனிந்தாள். வழியெல்லாம் சரிதான். மடக்கையும் சரியாகத்தான் பார்த்திருந்தாள். ஆனால் விடை தப்பு. விடை தப்பாக இருந்தால் அப்பா புத்தகத்தை மூடி மடியில் வைப்பார், வண்டி கிளம்பும். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. அவர் இப்போது சவாரி போயிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் ஆள் இறக்கி ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார். வருவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. நிறைவடைந்த தொண்ணூறை மீதி என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். மீதி பத்துதான். எல்லோரும் செய்கிற தப்பு, அவளே மூன்று முறை நிறுத்தத்தில் செய்த தப்பு. அடித்துவிட்டு மறுபடி போட்டாள். பன்னிரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் வந்தது.

இப்போது எழுந்திருக்க வேண்டும். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. எழுந்தால் புளியமரம், பெரியப்பா, வண்டி, கூடம், பெட்டி. பெட்டிக்குள் இருக்கிறவர் சவாரி முடித்துத் திரும்பிவரப் போகிறவர் இல்லை. இங்கே இருக்கிறவர் வருவார். ஒரு கணக்குப் பாக்கி இருக்கிற வரைக்கும் வந்துகொண்டுதான் இருப்பார்.

அவள் தாளைத் திருப்பி அடுத்த கேள்வியை எடுத்தாள். அடுத்து மின்வேதியியலில் ஒன்று. அதற்கும் அடுத்ததில் ஒரு கட்டமைப்பு. அதை வரைந்து கோடுகளை எண்ணிப் பார்த்தாள். கம்பி குறையவில்லை. கண்காணிப்பாளர் இன்னொரு முறை பக்கத்தில் வந்து நின்று, அவள் எழுதுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அப்பாவுக்காக முழுத் தேர்வையும் எழுதுகிறாள் என்று நினைத்திருப்பார்.

முடிகிற நேரத்துக்கு முந்தின எச்சரிக்கை மணி அடித்தபோது அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. கடைசிக் கேள்விக்கான விடையின் நடுவில் பேனா நின்றது. தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, நூலைக்கூடக் கட்டாமல், ஓடினாள்.

*

அப்பாதுரை திட்டவில்லை. முகத்தைப் பார்த்தார், ஏறு என்றார், அவ்வளவுதான். சட்டைப் பையில் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

காஞ்சி ரோட்டில் தடுப்புக் கட்டியாகிவிட்டது. பன்னிரண்டரை வரைக்கும் விட்டோம், இனி சைக்கிள்கூட விடமாட்டோம் என்றார்கள். சாவு வீடு சார் என்று அப்பாதுரை கையெடுத்துக் கும்பிட்டார். நடந்து போங்க ஐயா, அதை யாரும் தடுக்கல என்றார் போலீஸ்காரர்.

வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள். ஜனம் மலையை வலமாகச் சுற்றி முடித்து ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. அவர்கள் அதற்கு எதிரே போனார்கள். எதிர்ல வராதம்மா, இந்தப் பக்கமா சுத்தக் கூடாது என்று ஒரு பெண் சொன்னாள். இன்னொருவர் தோளைத் தொட்டுத் திசையைக் காட்டினார். யாரிடம் என்று விளக்குவது? பெரியப்பா முன்னால் கையை வீசி வழி செய்துகொண்டு போக, அவள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தார் ரோடு காய்ந்தது. சில இடங்களில் ஓடினாள். அன்னதானப் பந்தல் ஒன்றில் ஒருவர் ஓடிவந்து அவள் கையில் சாம்பார் சாதப் பொட்டலத்தைத் திணித்தார். வேண்டாம் என்று சொல்ல நின்றால் நேரமாகும். வாங்கிக்கொண்டு நடந்தாள். சோற்றைக் கீழே போடக் கை வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் சந்தில் பொரி கிடந்தது. பொரிக்கு நடுவில் சாமந்திப் பூ. அந்தத் தடம் சந்திலிருந்து கிரிவலப் பாதைக்கு வந்து, பாதையைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கம் போயிருந்தது. யாத்ரீகர்கள் அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

உண்ணாமலை நின்றுவிட்டாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். கூடத்தில் பெட்டி இருந்த இடம் ஈரமாக இருந்தது. அம்மா தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சுவரில் சாய்ந்திருந்தாள். கையில் பொட்டலத்தோடு நின்ற மகளைப் பார்த்தாள். ஒருத்தி வந்து அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

"கூட்டம்" என்றார் அப்பாதுரை, யாரும் கேட்காமலே. "ஒரே கூட்டம். பன்னெண்டுக்கெல்லாம் வெளிய வந்துட்டா கொழந்தை. தாண்டி வர முடியல."

பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். பௌர்ணமியைத் திட்டினார்கள். போலீஸைத் திட்டினார்கள். அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்கள். உண்ணாமலை பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கால் கழுவப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நிருபர் வந்தார். ஊரிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாணவியின் பெயர், பள்ளி, அப்பாவின் தொழில் எல்லாம் கேட்டுப் போனில் பதிந்துகொண்டார். அவளிடம் கேட்டபோது அவள் வாய் திறக்கவில்லை. கூச்சம் என்று விட்டுவிட்டார். வந்து வாய்க்கரிசி போட்டாச்சா என்று கேட்டார். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று கேட்டால் இன்னும் பத்துக் கேள்வி வரும். அப்பாதுரை ஒரு நொடி யோசித்தார்.

"ஆச்சு" என்றார்.

*

பொழுது சாய்ந்ததும் வெளியாட்கள் கலைந்தார்கள். பாதையில் அரோகரா சத்தம் கூடிக்கொண்டே வந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் கேட்டது. அம்மா ஒரு வாய் காபியும் குடிக்காமல் அதே சுவரில் சாய்ந்திருந்தாள். உண்ணாமலை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கூட்டம் இல்லம்மா" என்றாள்.

அம்மா திரும்பினாள்.

"பன்னெண்டுக்கு சார் வந்து போவச் சொன்னாரு. நான்தான் போவல. உக்காந்து எழுதிக்கினு இருந்தேன்."

"எவ்ளோ நேரம்?"

"பெல் அடிக்கிற வரைக்கும்."

ஏன் என்று அம்மா கேட்பாள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். அப்பா சவாரி போயிருக்கிறார் என்று நினைத்தேன் என்பதை எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். அம்மா கேட்கவில்லை.

"அவங்க பாடையத் தூக்கறப்ப நான் மூங்கிலைப் புடிச்சிக்கினு நின்னேன்டி" என்றாள் அருணாதேவி. "எம்பொண்ணு வந்துடுவா, வந்துடுவான்னு. ரெண்டு தரம் கீழ வச்சாங்க. மூணாந்தரம் போலீஸ்காரரு உள்ளயே வந்துட்டாரு. கன்னியம்மா அத்தைதான் என் விரலைப் பிரிச்சி எடுத்துச்சி." தன் விரல்களைப் பார்த்தாள். "உனக்குன்னு வச்சிருந்த அரிசியையும் நானே போட்டேன். ரெண்டு தரம் போடறியே, ஏன்னு கேட்டாங்க."

அப்புறம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உண்ணாமலை தொட்டாள். தோள் அசையவில்லை. கையைத் தட்டியும் விடவில்லை.

மறுநாள் சாம்பலுக்குப் பால் தெளிக்கப் போகும்போதும் அம்மா அவளோடு பேசவில்லை. பாலுக்கு மட்டும் பெண்களும் சுடுகாட்டுக்குப் போவார்கள். சுடுகாட்டுக்குப் போகக் கிளம்பியவர்களோடு உண்ணாமலையும் செருப்பை மாட்டியபோது, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவளே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மெஹ்விஷ் வந்தாள். அம்மாவுக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். அவள் அத்தா கடைக்கு வருகிற பேப்பரையும் மடித்து எடுத்து வந்திருந்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ போயிட்டன்னு நெனச்சேன்டி" என்றாள் மெதுவாக. "தலைதூக்கிப் பாத்தா எழுதிக்கினு இருக்க. கூப்பிடலாமான்னு தோணிச்சு. எக்ஸாம் ஹால்ல எப்படிக் கூப்பிடறது?" அவள் கண் கலங்கியது. "கூப்பிட்டிருக்கணும்."

உண்ணாமலை இல்லை என்று தலையாட்டினாள். மெஹ்விஷ் பேப்பரை நீட்டினாள். "இப்டிப் போட்டிருக்காங்க. வேற யாராவது காட்டறதுக்கு முன்னால நீ பாத்துடு."

நாலாம் பக்கத்தில் ஒரு பத்தி. படம் அப்பாவுடையது, ஆட்டோ உரிமத்தில் இருந்தது. உண்ணாமலை நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு மடித்தாள்.

"இன்னா போட்டுக்கீறான்?"

அம்மாதான். பாலுக்குப் போய்வந்து ஈரப் புடவையோடு கூடத்தில் நின்றாள். ஒரு ராத்திரிக்கும் ஒரு காலைக்கும் பிறகு முதல் வார்த்தை.

"தப்பா போட்டிருக்காங்கம்மா."

"படி."

மெஹ்விஷ் எழுந்து கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். அம்மா கூடத்தில், பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உண்ணாமலை பேப்பரை விரித்தாள். நாலு பேர் இருந்தால் வராத குரல், ஒருத்திக்கு முன்னாலும் முதலில் வரவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தாள்.

"திருவண்ணாமலை அருகே தந்தை இறந்த துயரத்திலும் மாணவி ஒருவர் வேதியியல் தேர்வு எழுதினார். அடி அண்ணாமலையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் குமரேசன் நேற்று முன்தினம் மாரடைப்பால் காலமானார். அவரது மகள் உண்ணாமலை, உறவினர்கள் ஆறுதல் கூறியதை அடுத்து நேற்று தேர்வு மையத்துக்குச் சென்றார். தேர்வை முடித்துவிட்டு வீடு திரும்பிய மாணவி, கண்ணீருடன் தந்தைக்கு வாய்க்கரிசி இட்டு வழியனுப்பி வைத்தார். இது அப்பகுதி மக்களை நெகிழச் செய்தது."

அம்மா கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று இருந்தது.

"அரிசி போட்டான்னு வருதே" என்றாள். "அத மட்டும் படி."

"அம்மா, அது பொய்ம்மா."

"எனக்குத் தெரியாதா? படி."

உண்ணாமலை அந்த வரியைத் தேடி எடுத்துப் படித்தாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி வந்தது. அம்மா உதட்டை அழுத்திக்கொண்டு கேட்டாள். இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து கிடந்தன. விரல்களில் மூங்கில் சிராய் கீறிய தடம் இருந்தது.

படித்து முடித்தாள். அம்மா இன்னொரு முறை கேட்கவில்லை. உண்ணாமலை தானாகவே அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனாள்.